தோட்டத்தில் காலநிலைக் கவிதை அரங்கும் சிறுநூலும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றில், காலநிலை மாற்றத்தைப் பற்றி அங்கு வாழும் மக்களே சொல்லும் கவிதைகளையும் பாட்டுகளையும் திரட்டி, ஒரு மாலை பிரட்டுக்களத்தில் (தொழிலாளர் வேலைக்காகக் கூடும் திடலில்) அரங்கேற்றி, அவற்றைச் சிறுநூலாகவும் அச்சிட விரும்புவோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டம் இந்த வேலையில் இறங்கியபோது எந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது, எந்தத் தாளை எப்போது கேட்பது, எந்த மாதத்தில் மக்களைக் கூட்டுவது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்ப, அந்த அலுவலகம் மறுபடி முதல் இடத்துக்கே திருப்பியனுப்பிய அலைச்சல் உங்களுக்கு வேண்டியதில்லை.

கவிதை எதற்கு என்ற கேள்வியை நீங்கள் போகும் ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்கள். விடையை ஆயத்தமாக வைத்திருங்கள். மண்சரிவு எச்சரிக்கைகள் தோட்டங்களுக்கு வரத்தான் செய்கின்றன. ஆனால் அவை அலுவலக நடையில் வருவதால் கேட்டவர் மறுநாள் அவற்றைத் திருப்பிச் சொல்ல முடிவதில்லை. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாட்டும் எழுத்தறியாதவர் வாயிலும் தலைமுறை கடந்து நிற்கின்றன. தொழிற்சங்கம் வேர்பிடித்த காலத்தில், சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியே உரிமைச் செய்தியைக் கொண்டுசேர்த்தார். மழையைப் பற்றிய செய்தியையும் அந்த வழியிலேயே கொண்டுபோக முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒரு நிபந்தனை உண்டு: பாட்டில் அந்த மலையின் சொந்த விவரமும், சரிபார்த்த உண்மையும் இரண்டும் இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டையும் பெறுவதற்கான வேலைகளே.

1. நாளைக் குறிக்கும் முன் மழையின் நாட்காட்டியைப் பாருங்கள்

மொத்த வேலைக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். அரங்கேற்ற நாளை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மலையகம் முழுவதற்கும் ஒரே நாள் பொருந்தாது. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிச் செப்ரெம்பர் வரை நீடிக்கும். பதுளை, பசறை, ஹப்புத்தளை அடங்கிய ஊவாப் பக்கத்தில் அந்த நடு மாதங்கள் வறண்டு கிடக்க, பெருமழை ஒக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரை பெய்யும். ஒக்டோபரும் நவம்பரும் இரு பக்கத்துக்குமே ஆபத்தான மாதங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது 2025 நவம்பர் இறுதியில். எச்சரிக்கைப் பாட்டு மழைக்கு முன்னால் மக்கள் வாயில் ஏற வேண்டும் என்பதால், ஊவாப் பக்கத்தார் ஓகஸ்ட் இறுதியிலோ செப்ரெம்பரிலோ அரங்கேற்றுங்கள். மேற்குப் பக்கத்தார் பெப்ரவரி, மார்ச் மாதங்களைப் பிடியுங்கள்.

மேற்குப் பக்கத்தார் ஏப்ரலைத் தவிர்க்க வேண்டும். சித்திரைப் பிறப்பு, கோயில் திருவிழா, கொழுந்து பெருகும் காலம் எல்லாம் அப்போது ஒன்றாக வந்து சேர்வதால் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமாக இருந்தால், கூத்தை நடத்தும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு மாலையின் முற்பகுதியை வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்த ஏற்பாடு, ஏனென்றால் அன்று கூட்டமும் தப்பு மேளமும் ஏற்கெனவே களத்தில் இருக்கும்.

2. அனுமதிக் கடிதங்கள்

பிரட்டுக்களமும் சனசமூக மண்டபமும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே முதற் கடிதம் பெரிய துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு. நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்தொகை, ஒலிபெருக்கி உண்டா, இடத்தை யார் துப்புரவு செய்வார் என்பவை அதில் இருக்க வேண்டும். நோக்கத்தை ‘காலநிலை, மண்சரிவு விழிப்புணர்வுக் கலை மாலை’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். கவிதைகளை முன்கூட்டியே பார்வைக்குத் தருவதாக அக்கடிதத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். கான் (வடிகால்) வெட்டாமல் கிடப்பதையும் வேலைநாள் குறைந்ததையும் பாடும் வரிகள் வரத்தான் செய்யும். அவற்றைத் திருத்தும் பேனாவை நாமே எடுத்து நீட்டக் கூடாது.

இரண்டாவது கிராம உத்தியோகத்தருக்கு, அறிவித்தலாக. மூன்றாவது பொலிஸ் நிலையத்துக்கு, ஒலிபெருக்கி அனுமதிக்காக. நிர்வாகம் தந்த சம்மதக் கடிதத்தின் பிரதியை இதனுடன் இணைக்க வேண்டியிருப்பதால் வரிசையை மாற்றாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை. நிகழ்வை எட்டரை மணிக்குள் முடிப்பதாக எழுதினால் பேச்சுக் குறையும். கடிதங்களைத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நாட்கள் மிச்சமாகும். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் உங்கள் கைப்பிரதியில் திகதியுடன் முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். கடிதம் கிடைக்கவே இல்லை என்ற பதிலுக்கு அந்த முத்திரை ஒன்றுதான் மறுமொழி.

பிள்ளைகள் பங்குபற்றினால் அதிபருக்கும், பாடசாலை நேரத்தில் அல்லது வளாகத்துக்கு வெளியே என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கும் தனித்தனியே எழுதுங்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படத்தையும் எடுக்கவோ பகிரவோ கூடாது. தமிழ் மொழித்தினப் போட்டிகள் நடக்கும் வாரங்களில் தமிழாசிரியர்களை நெருங்க முடியாது; அவை முடிந்த கையோடு போனால், போட்டிக்கு எழுதிப் பழகிய பிள்ளைகளையே அவர்கள் உங்களிடம் அனுப்புவார்கள்.

தாளில் வராத ஓர் அனுமதியும் இருக்கிறது. தோட்டத்தில் எத்தனை தொழிற்சங்கம் உண்டோ அத்தனை தலைவர்களிடமும் ஒரே நாளில் நேரில் சொல்லுங்கள். ஒருவரிடம் சொல்லி மற்றவரை விட்டால் நிகழ்வுக்குக் கட்சி நிறம் ஏறிவிடும். அதன் பின் பாதி லயம் வராது. எந்தப் பதாகையும் கட்டப்படாது என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

3. மழைக் கணக்கைப் பெறுதல்

அதிக நாள் எடுக்கும் வேலை இதுவே என்பதால் அனுமதிக் கடிதங்களோடு சேர்த்து முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

உங்களுக்கு மிக அருகில் இருக்கும் கணக்கு தோட்ட அலுவலகத்து மழைப் பதிவேடு. பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி உண்டு. நாள்தோறும் அளவெடுத்து எழுதுவார்கள். ‘கடந்த முப்பது ஆண்டுகளின் மாதாந்த மழை’ என்று வரையறுத்துக் கேளுங்கள். வெறுமனே ‘மழை விவரம்’ என்று கேட்டால் நடப்பு ஆண்டின் ஒரு தாள் மட்டும் கையில் கிடைக்கும். முப்பது ஆண்டு கேட்பதற்குக் காரணம் உண்டு: ஒரு நாட் பெருமழை வானிலை, முப்பது ஆண்டுச் சராசரியே காலநிலை. உலக அளவில் இப்போது ஒப்பீட்டுக்குக் கொள்ளும் காலம் 1991 முதல் 2020 வரை.

தோட்டத்தில் கிடைக்காவிட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு எழுதுங்கள். நுவரெலியா, பதுளை, பண்டாரவளை ஆகிய இடங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. தரவுக்குக் கட்டணம் அறவிடுவார்கள். அருகிலுள்ள ஒரே ஒரு நிலையத்தின் மாதாந்த மொத்தத்தை மட்டும் கேட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும், நாளாந்தக் கணக்கு நமக்குத் தேவையில்லை. உங்கள் மலை மண்சரிவு ஆபத்து வலயத்தில் இருக்கிறதா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அவர்களிடம் 1:10,000 அளவுத்திட்டத்தில் ஆபத்து வலய வரைபடங்கள் உண்டு.

அரச நிறுவனம் எதுவும் பதில் தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, தமிழில் எழுதலாம், இலங்கைப் பிரசையாக இருந்தால் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் பல கேள்விகளை அடுக்காமல், ஒரு நிலையம், ஒரு காலம், ஒரு பட்டியல் என்று கேளுங்கள். கேள்வி அகலமாக இருந்தால் காலத்தை நீடிக்க அதுவே வழிவிடும்.

இதற்கிடையே அடிப்பகுதி சமமான போத்தலொன்றின் மேற்பாகத்தை வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டி, திறந்த வெளியில் நீங்களே ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவெடுத்தால் திணைக்களக் கணக்கோடு ஒப்பிடலாம். இதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டால் எழுதப்போகிறவர்களுக்கு மில்லிமீற்றர் பழகிவிடும்.

4. மக்களிடம் கேட்பது

‘காலநிலை மாற்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் வானொலியில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். கேள்வி அவர்கள் கையாலும் காலாலும் அறிந்ததைத் தொட வேண்டும். “அம்மாயி, நீங்க வாக்கப்பட்டு வந்த புதுசுல ஆடி மாசம் இந்தப் பீலியில தண்ணி எப்படி விழுந்துச்சு?” என்று கேளுங்கள். “அக்கா, போன வருசம் எந்த மாசம் அரைப்பேர் கூடுதலா விழுந்துச்சு?” என்று கேளுங்கள். (பீலி என்பது ஊற்றுநீர் விழும் இடம். பேர் என்பது ஒரு நாள் வேலைப் பதிவு, அரைப்பேர் அதில் பாதி.) அட்டைப் பூச்சி எந்த மாதத்தில் ஏறியது, எந்த மலையில் கொழுந்து முதலில் கருகியது, தை மாதத்துப் பனி இப்போதும் செடியைச் சுடுகிறதா, கவ்வாத்து வெட்டிய மலை துளிர்க்க எவ்வளவு நாளானது, முன்பு கேட்ட எந்தப் பறவைச் சத்தம் இப்போது இல்லை என்பவை எல்லாம் பதில் பெருகும் கேள்விகள்.

கேட்கும் நேரமும் இடமும் முக்கியம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கேட்காதீர்கள். அங்கே கணக்கப்பிள்ளையின் காது இருக்கும், கிலோவின் அவசரமும் இருக்கும். ஞாயிறு பிற்பகலில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து கேட்பதே பொருத்தம். பிள்ளைக் காம்பராவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) ஆயா அம்மாவிடம் கேட்க மறக்காதீர்கள். எந்தக் காலத்தில் குழந்தைகளுக்குச் சளியும் வயிற்றோட்டமும் அதிகம் என்பதை அவர்களைப்போல் தொடர்ந்து கவனிப்பவர் தோட்டத்தில் வேறு எவருமில்லை.

கைத்தொலைபேசியில் பதிவுசெய்யும் முன்பே சம்மதம் வாங்குங்கள். சம்மதப் படிவம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது: யார் சொன்னது, எதற்குப் பயன்படும், சொந்தப் பெயர் வேண்டுமா புனைபெயர் வேண்டுமா, பிறகு விலகலாமா. எழுத்தறியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் வாயாலேயே சம்மதத்தைப் பதிவுசெய்து, சாட்சியாக அவர் வீட்டார் ஒருவரின் கையொப்பத்தையும் பெறுங்கள். சம்பளச் சீட்டையோ நிர்வாகத்தையோ பற்றிப் பேசியவர் தம் பெயர் வேண்டாம் என்றால் தோட்டப் பெயரையும் மலை இலக்கத்தையும்கூட மாற்றிவிடுங்கள். மண்சரிவில் உறவினரை இழந்தவரிடம் போகும்போது கவிதை கேட்டுப் போகாதீர்கள். அவர்களே பேச விரும்பினால் கேளுங்கள். அச்சிடும் முன் அந்தப் பக்கத்தை அவர்களிடம் கொண்டுபோய் மறுபடி வாசித்துக் காட்டுங்கள். இறந்தவரின் பெயரை எந்தச் சூழ்நிலையிலும் குடும்பத்தின் சம்மதமின்றி எழுதக் கூடாது.

பதிப்புரிமைக்குத் தனிப் பதிவு எதுவும் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவருக்கு அது தானாகவே உரியது. நூலில் சேர்க்க அனுமதிப்பதாக இரண்டு வரி எழுதி வாங்கினால் போதும். பழம்பாட்டைப் பாடித் தந்தவரை ‘பாடியவர்’ என்று குறிப்பிடுங்கள். அதைத் தொகுப்பாசிரியரின் ஆக்கமாக எவ்வகையிலும் காட்டாதீர்கள்.

5. கவிதையாக்குவது

பட்டறையின் முதல் மணித்தியாலத்தில் உங்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

மரம் நடுவோம் மழை பெறுவோம்
மாசு நீக்கி மண் காப்போம்

இதை எழுதிய பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் எழுதியிருந்ததைப் படித்து வளர்ந்த பிள்ளை அது. ஆனால் இந்த இரண்டு வரிகளையும் உலகின் எந்த ஊரிலும் எழுதலாம். கேட்பவருக்கு இதில் தெரிந்துகொள்ளவும் செய்யவும் ஒன்றுமில்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. பூமி சூடேறுவதற்கான முதன்மைக் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுவதே. அதில் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் பங்கு மிகச் சிறியது. ‘நாம் திருந்தினால் மழை திரும்பும்’ என்று அவர்களையே பாட வைப்பது அநியாயம். பட்டறையில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பிறகு சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வறட்சி மாதத்தைப் பற்றி வரும் வரிகள் இப்படி மாறும்:

ஐந்தாம் நம்பர் மலையில்
துளிர் இல்லாத மாதம்.
சீட்டைப் பிரித்தோம்:
பேர் பதினொன்று.

வெயில் என்ற சொல்லே இல்லாமல் வெயில் வந்துவிட்டது. அதன் விலையும் வந்துவிட்டது. தோட்டத்தில் இருப்பவருக்கு விளக்கம் வேண்டாம். வெளியில் இருப்பவருக்கு ஓர் அடிக்குறிப்பு போதும்.

எண்ணைக் கவிதைக்குள் கொண்டுவர ஒரு நேர் வழி உண்டு. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவின் கூரைமேல் 150 மில்லிமீற்றர் பெய்தால் ஏறக்குறைய 1,670 லீற்றர். பத்து லீற்றர் வாளியில் 167 வாளி. அந்த 150 மில்லிமீற்றர் நான் சும்மா எடுத்த எண் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டும் மழைக்கு மஞ்சள் எச்சரிக்கையும், 100க்குச் செம்மஞ்சளும், 150க்கு வெளியேறச் சொல்லும் சிவப்பும் என்று அளவு வைத்திருக்கிறது. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் சிவப்பே. மில்லிமீற்றர் மனத்தில் நிற்காதவருக்கு வாளி நிற்கும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, எச்சரிக்கைக்குக் கும்மியும் தெம்மாங்கும், இழப்புக்கு ஒப்பாரி மெட்டும், கவனித்ததைச் சொல்வதற்குப் புதுக்கவிதையும் என்று பிரித்துக்கொள்ளலாம். மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்களை ஒரு கும்மியில் அடக்கினோம்:

பீலித் தண்ணி செவந்து வந்தா
பேச்சு வேணாம் புள்ளையத் தூக்கு
கதவு நெலயில சிக்கிக்கிட்டா
கட்டுன மூட்டைய விட்டுட்டு நட

நீர் திடீரெனக் கலங்குவதும், கதவும் சன்னலும் சட்டத்தில் இறுகிக்கொள்வதும் நிலம் நகர்வதன் உண்மையான அறிகுறிகள். புதிய ஊற்று கிளம்புவது, ஓடிய ஊற்று சட்டென வற்றுவது, தரையிலும் சுவரிலும் வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது ஆகியவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு சரணம் கட்டலாம். கடைசிச் சரணத்தில் உங்கள் தோட்டத்துக்குக் குறிக்கப்பட்ட பாதுகாப்பான இடத்தின் பெயரையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் வையுங்கள். போகும் பாதையே சரியும் இடமாக இருக்கலாம் என்பதால், இடத்தின் பெயரைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தாமல் பாட்டில் ஏற்றாதீர்கள்.

எழுதிப் பழகியவர்களுக்கு நம் திணை மரபு ஓர் அரிய கருவி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பறவை, பூ, நீர், தொழில் ஆகியவை கருப்பொருள். உங்கள் மலைக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் முன்பு எந்த மாதம், இப்போது எந்த மாதம் என்று எழுதினால், பொழுதும் பொருளும் பொருந்தாத இடம் தானாகத் தெரியும். கவிதையை அந்த இடத்தில் தொடங்குங்கள். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதில் கூதிர் ஒன்று, அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். சிறுபொழுது யாமம். காதலர் கூடுவதற்கென மரபு ஒதுக்கிவைத்த அதே மாதங்களில், அதே நள்ளிரவில், இன்று மலைச்சரிவில் உள்ளவர்கள் மண் அசையும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார்கள். மீரியபெத்தை ஐப்பசியில் சரிந்தது. டித்வா கார்த்திகையில் வந்தது. குறிஞ்சிப் பாட்டு எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிடக் கனமான பொருள் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

6. அச்சுக்கு முன் உண்மையைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு கவிதையிலும் அளக்கக்கூடிய கூற்று எது என்று அடிக்கோடிட்டு, மழைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பெரியவர் ஒருவர் சொன்ன ஆண்டு கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அவருடைய வரியை அழிக்காதீர்கள். ‘அந்தப் பெருமழை வருசம்’ என்று அவர் நினைவாகவே விட்டுவிடுங்கள், எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள்.

எல்லாச் சரிவையும் காலநிலை மாற்றத்தின் தலையில் ஏற்றுவது இன்னொரு பொறி. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெருமழை இன்னும் பெரிதாகிறது என்பது உறுதியான அறிவியல். ஆனால் ஒரு குறிப்பிட்ட மலை சரிவதில் சாய்வின் அளவு, தூர்ந்த கான்கள், வெட்டப்பட்ட மண்மேடு, ஆபத்தான இடத்திலேயே விடப்பட்ட லயம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இவற்றை விட்டுவிட்டு வானத்தை மட்டும் பாடினால் கான் வெட்ட வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். தேயிலையின் நோயைப் பற்றியோ வறட்சியைப் பற்றியோ ஐயம் வந்தால் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

7. செலவும் பணமும்

அச்சு, ஒலிபெருக்கி வாடகை, போக்குவரத்து, தேநீரும் பலகாரமும், பிரதியெடுப்பு, தபால், தப்புக் கலைஞருக்கான சன்மானம் என்று தலைப்புகளைப் பிரித்து எழுதுங்கள். இவற்றில் எல்லாரும் மறப்பது போக்குவரத்தை. மேல் டிவிசனிலிருந்து வயதானவர்களை வானில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். நான் விட்டுக்கொடுக்காத தலைப்பு ஒன்று உண்டு: பயிற்சிக்கோ பதிவுக்கோ வந்ததால் ஒரு பேர் இழந்தவருக்கு அந்த நாட் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கலைக்குப் பணம் வாங்கலாமா என்று அவர்களே தயங்குவார்கள், ஆனாலும் கொடுங்கள்.

உதவி தரும் நிறுவனங்கள் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க யாப்பு, கூட்ட அறிக்கை, பதிவு, பொறுப்பாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் வேண்டும். இதற்கே மாதங்கள் போய்விடும். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கத்தையோ நூலக வாசகர் வட்டத்தையோ இணை அமைப்பாளராகச் சேர்த்துக்கொள்வது சுருக்கமான வழி. பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் உதவி கேட்பதாக இருந்தால் ஆண்டின் முதல் மாதங்களிலேயே போங்கள். ஒதுக்கீடு ஆண்டுக் கணக்கில் வருவதால், பிற்பாதியில் போவோருக்குப் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

8. நூலை அச்சிடுதல்

பக்கங்களை 16இன் மடங்காகத் திட்டமிடுங்கள். 16 பக்கம் கொண்டது ஒரு பாரம்; 64 பக்கம் என்றால் நான்கு பாரம். 66 பக்கமாகிவிட்டால் அந்த இரண்டு பக்கத்துக்காக ஒரு புதிய பாரத்தின் செலவு வந்து சேரும். இருநூறு பிரதிகளுக்கு உட்பட்டால் டிஜிட்டல் அச்சும், அதற்கு மேல் போகப்போக ஓப்செட்டும் மலிவு. மூன்று அச்சகங்களில் எழுத்து மூலம் விலை கேளுங்கள். கடதாசியின் கனம், அட்டையின் நிறம், தையலா பின்னா என்பதை மூவரிடமும் ஒரே விதமாகச் சொன்னால்தான் விலைகளை ஒப்பிட முடியும்.

எழுத்துரு விடயத்தில் மிகக் கவனமாக இருங்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சுச் செய்து கொடுக்க, அச்சகம் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, கொம்புள்ள எழுத்துகள் சிதறும், கவிதையின் வரி முறிவுகளும் போய்விடும். யூனிகோடிலேயே பக்கம் அமைக்கும் அச்சகத்தைத் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் நீங்களே பக்கம் அமைத்துப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். இறுதிப் படியைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மூலப்பிரதியைப் பார்க்க, முழுவதையும் ஒருமுறை ஒப்புநோக்குங்கள்.

சர்வதேச தராதர நூல் எண்ணைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. தலைப்புப் பக்கமும் பதிப்புரிமைப் பக்கமும் பொருளடக்கமும் இறுதியான பிறகே விண்ணப்பியுங்கள். எண் வாங்கிய பின் தலைப்பை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். நூற்பட்டியல் தரவையும் அப்போதே சேர்த்துக் கேட்டால் இன்னொரு பயணம் மிச்சம். அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் எண் கையில் இருக்க வேண்டும். பிறகு ஒட்டுத்தாளில் எண் ஒட்டிய நூலை நூலகங்கள் வாங்கத் தயங்கும். சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டிய பிரதிகளை அச்சகத்தார் அனுப்ப வேண்டும். அந்தப் பிரதிகளையும் சேர்த்தே அச்சிடும் தொகையைச் சொல்லுங்கள்.

9. அரங்கேற்றும் நாள்

ஞாயிறோ போயாவோ (முழுநிலா விடுமுறை), பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்குங்கள். தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை ஆகியவற்றுக்கு மொத்தமாக இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அழைப்பிதழில் பெயர் போடும்போதே இதைப் பேச வருபவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், மேடையில் சொல்ல முடியாது. முதலில் தப்பு, அடுத்து பிள்ளைகளின் கும்மி, நடுவில் புதுக்கவிதைகள், பிறகு ஒப்பாரி. ஒப்பாரிக்குப் பின் உடனே நிகழ்வை முடிக்காதீர்கள். இழப்பு உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் தேற நேரமும், பக்கத்தில் உட்கார ஆளும் வேண்டும். எச்சரிக்கைக் கும்மியை அதன் பிறகு கூட்டம் முழுவதும் சேர்ந்து இருமுறை பாடட்டும்.

மாலை மூன்று மணிக்குள் எச்சரிக்கை அறிவித்தல் ஏதாவது வந்திருந்தால் நிகழ்வைத் தள்ளிப்போடுங்கள். அதற்காக ஒரு மாற்று நாளையும் முதலிலேயே அனுமதிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தால் மறுபடி நிலையம் நிலையமாக ஏற வேண்டியதில்லை.

10. நூலும் ஒலிப்பதிவும் போய்ச்சேர வேண்டிய இடங்கள்

பாட்டுத் தந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு தோட்டப் பாடசாலை, பிள்ளைக் காம்பரா, பிரதேச சபை நூலகம், கிராம உத்தியோகத்தர் பணிமனை. கும்மியை மூன்று நிமிடத்துக்குள் ஒலிப்பதிவு செய்து வட்ஸ்அப்பில் விடுங்கள். அச்சு நூல் எட்டாத லயங்களுக்கு அது போகும். பருவமழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு அதே ஒலிப்பதிவை மறுபடி அனுப்ப ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். முத்திரையிட்ட கடிதங்கள், சம்மதப் படிவங்கள், பற்றுச்சீட்டுகள், மழைக் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி இணை அமைப்பாளரிடம் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்தார் கேட்டு வரும்போது அந்தக் கோப்பின் பிரதியைக் கொடுத்தால் அவர்களுடைய முதல் இரண்டு மாத வேலை பாதியாகக் குறையும்.